பஸ் காசை மிச்சம் பிடித்த கதை

சைக்கிளைக் கொண்டுவந்து மாடிப்படியின் கீழே நிறுத்தியபோது அம்மாவும் தங்கையும் கீழ்க்கடை முதலாளியும் இருந்தார்கள். அப்பா இல்லை. இரத்மலானையில் ஒரு தொழிற்சாலையில் காவல் வேலை பார்த்த அவர், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் கொட்டாஞ்சேனைக்கு வருவார். அவர் இருந்திருந்தால் மணியை ஒரு தரமாவது அடித்துப் பார்த்திருப்பார். அம்மா சைக்கிளைத் தொடக்கூட இல்லை.

"எவ்வளவு?" என்றார் முதலாளி.

"ஆயிரத்தெண்ணூறு."

"பழசுக்கா? ஒன்னையப் பாத்ததும் வெல ஏறியிருக்கு தம்பி."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். வெள்ளவத்தையில் ஒரு இரும்புச் சாமான் கடையில் கணக்கெழுதும் வேலை கிடைத்திருந்தது. ஆகவே கணக்கில் எனக்கு மிகுந்த நம்பிக்கை. போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ், ஒரு நாளைக்குப் பதினான்கு ரூபாய். அதை மிச்சம் பிடித்தால் ஆறு மாதத்தில் சைக்கிள் தன் விலையைத் தானே கொடுத்துவிடும். அதன் பிறகு வருவதெல்லாம் நான் எழுத நினைத்திருந்த கணக்கியல் பரீட்சையின் கட்டணத்துக்கு. கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் கேட்கத் தெரியும்.

"பஸ்ல போனா நாலு பேரு இருப்பாங்க," என்றாள். "சைக்கிள்ல யாரு இருப்பா?"

அவள் எதைச் சொல்கிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முந்தின வருஷம் சோதனைச் சாவடி ஒன்றில் என்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். என் அடையாள அட்டையில் அட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து விலாசம் இருந்தது. கொட்டாஞ்சேனையில் தங்கியிருப்பதாகப் பதிந்து கொடுத்த பொலிஸ் துண்டை அன்று வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். பஸ் போய்விட்டது. பக்கத்து இருக்கையில் இருந்த சிங்களப் பெண்மணி ஒருவர், இருக்கையில் நான் விட்டுப்போன சாப்பாட்டுப் பெட்டியையும் அதற்குள் கிடந்த எங்கள் கீழ்க்கடைச் சீட்டையும் வைத்து, விசாரித்து விசாரித்து எங்கள் வீட்டைக் கண்டுபிடித்து வந்து சொன்னார். அம்மா பொலிஸ் துண்டோடு ஓடிவந்தாள். பொழுதுபடுவதற்குள் விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்மணி வராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை அம்மா ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"போய்ச் சேந்ததும் போன் பண்ணு. இல்லன்னா சைக்கிள் வேணாம்."

கீழ்க்கடையில் தொலைபேசி இருந்தது. நான் அதற்கும் ஒரு வழி யோசித்தேன். வெள்ளவத்தையில் கொமியூனிகேஷன் என்கிற தொலைபேசிக் கடையிலிருந்து இரண்டு தரம் மணி அடிக்கவிட்டு வைத்துவிடுவது. யாரும் எடுக்காவிட்டால் செலவில்லை.

"மணிய யாரு வேணா அடிக்கலாம்," என்றாள் அம்மா. "எனக்குக் கொரலு வேணும்."

அப்படித்தான் அது தொடங்கியது. காலையில் புறக்கோட்டை நெரிசலுக்குள் புகுந்து, மருதானை, பொரளை என்று சுற்றி வெள்ளவத்தைக்கு மிதிப்பேன். சாவடிகளில் பஸ்காரர்கள் வரிசையாக இறங்கி வரிசையாக ஏறுவார்கள். நான் மட்டும் தனியாக ஓரத்தில் நிற்பேன். "கொஹெத யன்னே, மல்லி?" எங்கே போகிறாய் என்று கேட்டுக்கொண்டே இராணுவத்தான் சைக்கிள் குழாயை விரலால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பான். உள்ளே வெடிமருந்து இல்லை, வெற்றுக் குழாய்தான் என்று தெரிந்ததும் போகச் சொல்வான். சில நாட்களில் ஆசனத்தையும் கழற்றச் சொல்வான். அதற்கென்றே ஒரு சாவி சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

கொமியூனிகேஷனை நடத்திய அக்கா யாழ்ப்பாணத்துக்காரி. நான் வியர்த்து ஒழுக உள்ளே நுழைந்ததும் விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டு இலக்கத்தைத் தானே சுழற்றுவார்.

"வந்துட்டியா?" என்று கேட்கும் அம்மாவின் குரல்.

"வந்துட்டேன்."

"சரி, வையி."

அவ்வளவுதான் பேச்சு. இந்தப் பக்கம் ஐந்து ரூபாய். அந்தப் பக்கம் முதலாளிக்கு ஐந்து ரூபாய், ஆளைக் கூப்பிட்டுக் கொடுக்கிற கூலி. அம்மா மணி அடிப்பதற்கு முன்பே தொலைபேசிக்குப் பக்கத்தில் வந்து நிற்பாள் என்பது வேறு விஷயம். "மாடி ஏறாத நாளைக்குக் கொறைக்கலாமே," என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். "ஏற ரெடியாத்தானே தம்பி இருந்தேன்," என்றார் முதலாளி.

பதினான்கில் பத்து அப்படிப் போயிற்று. மிச்சம் நான்கு. வெள்ளவத்தை அக்காவிடம் இதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார்.

"நீர் படிச்ச பிள்ளை, நீரே சொல்லும். உம்மட சைக்கிளாலை ஆருக்கு லாபம்? எனக்குத்தானே!"

"அக்கா, ஒரு ரூபா குறையுங்களேன்."

"குறைக்கலாம். பிறகு நீர் கூடக் கதைப்பீர். உங்கட அம்மாவுக்கு அது பிடிக்காது."

சாப்பாட்டுச் செலவும் ஏறியிருந்தது. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை, தங்கைதான் கண்டுபிடித்தாள். "அண்ணன் சைக்கிளுக்குப் பெற்றோல் ஊத்துறாரு," என்று என் தட்டைக் காட்டுவாள். அம்மா அவளை அதட்டிவிட்டு இன்னும் ஒரு அகப்பை வைப்பாள். மாலையில் அழைப்பு இல்லை. அதற்குப் பதிலாக அம்மா ஜன்னலில் நிற்பாள். தெரு முனையில் திரும்பும்போது மணியை அடிப்பேன். தலை உள்ளே போய்விடும், நின்றதே இல்லை என்பதுபோல.

அந்த நான்கு ரூபாய்களையும் சம்பளத்தில் பிடித்த கொஞ்சத்தையும் பிஸ்கற் டின்னில் போட்டு வந்தோம். பரீட்சைக் கட்டணத்தில் பாதிக்கு மேல் சேர்ந்திருந்தது.

பிறகு ஒரு காலை. நான் வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தபோது தெருவில் கடைகளின் கதவுகள் பாதி இறங்கியிருந்தன. அக்கா வாசலில் நின்றார்.

"தம்பி, நகரத்துப் பக்கம் எங்கையோ வெடிச்சிட்டுதாம். நீர் எந்தப் பாதையாலை வந்தனீர்?"

"எடுங்கக்கா. அம்மாவுக்கு எடுங்க."

லைன் கிடைக்கவில்லை. அவர் சுழற்றினார், நான் சுழற்றினேன், மறுபடி அவர் சுழற்றினார். எல்லோரும் எல்லோருக்கும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா இப்போது கீழே வந்து நிற்பாள் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. தொலைபேசியைப் பார்த்தபடி, இரண்டு கையாலும் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி. இருக்கச் சொல்லி அக்கா கையைப் பிடித்தார். உதறிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினேன்.

பெரிய வீதிகளை மூடிவிட்டார்கள். உள்வீதிகளால், கொலன்னாவைப் பக்கமாகச் சுற்றி, எத்தனை சாவடிகளில் குழாயைத் தட்டினார்களோ தெரியாது, கொட்டாஞ்சேனைக்கு வந்து சேர்ந்தேன். கீழ்க்கடையில் அம்மா இல்லை.

"ஓட்டோ புடிச்சிக்கிட்டு ஒன்னையத் தேடிப் போயிருச்சு," என்றார் முதலாளி. அவர் குரலில் வழக்கமான கிண்டல் இல்லை. "டின்ன எடுத்துக்கிட்டுப் போச்சு. ஒன் பொலிஸ் துண்டையும்."

துண்டு என் பையில்தான் இருந்தது. அம்மா எடுத்துப் போனது வாசிக்கத் தெரியாமல் வேறு எதையோ. பிறகு பார்த்தோம், தங்கையின் தடுப்பூசி அட்டை.

அந்தக் கடையின் மர வாங்கில் நான் உட்கார்ந்தேன். அம்மா தினமும் எப்படி நின்றிருப்பாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்தத் தொலைபேசி கறுப்பு நிறம். எண்வட்டில் ஒரு ஓட்டை உடைந்திருந்தது. வேறு எதையும் பார்க்க முடியவில்லை.

மத்தியானம் தாண்டி அது அடித்தது. முதலாளி எடுத்து என்னிடம் நீட்டினார்.

"வந்துட்டியா?" என்றாள் அம்மா.

வெள்ளவத்தையிலிருந்து, அக்காவின் கடையிலிருந்து. நான் சொல்லும் கடைப் பெயரை மட்டும் வைத்துக் கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்திருக்கிறாள். "உங்கட மகன் வந்தவர், நல்லா இருக்கிறார், உங்களைப் பாக்கத்தான் ஓடினவர்" என்று அக்கா சொல்லியும் நம்பாமல், லைன் கிடைக்கும்வரை அங்கேயே நின்றிருக்கிறாள்.

"வந்துட்டேன்மா."

அன்று அவள் "வையி" என்று சொல்லவில்லை. நானும் வைக்கவில்லை. பின்னால் அக்கா யாரிடமோ தேத்தண்ணி கொண்டுவரச் சொல்வது கேட்டது.

ஓட்டோக்காரன் காத்திருந்து திரும்பக் கொண்டுவந்துவிட நானூற்றைம்பது ரூபாய் வாங்கினான். சந்தையில் பத்துச் சதத்துக்கும் பேரம் பேசுகிறவள், சொன்னதை அப்படியே எண்ணிக் கொடுத்தாள். அக்கா அழைப்புக்குக் காசு வாங்கவில்லை. முதலாளி வாங்கினார், ஐந்து ரூபாய்.

அந்த மாதமே சைக்கிளை விற்றேன். பரீட்சையை அடுத்த வருஷத்துக்குத் தள்ளினேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்திருந்தபோது, கேட்டார் என்பதற்காகக் கணக்கைப் போட்டேன். சைக்கிள் ஆயிரத்தெண்ணூறு. விளக்கு, பூட்டு, பம்ப் எல்லாம் இருநூற்று நாற்பது. ஒட்டுப்போட்டதும் பிரேக் கட்டையும் நூற்றறுபது. அழைப்புகள் ஆயிரம். ஓட்டோ நானூற்றைம்பது. கடைசி அழைப்பு ஐந்து. வரவு: மிச்சமான பஸ் காசு ஆயிரத்து நானூறு, சைக்கிள் விற்றது ஆயிரத்து முந்நூறு.

"ஆக நட்டம் தொள்ளாயிரத்து ஐம்பத்தஞ்சு," என்றேன்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அந்தக் கடைசி அஞ்சு ரூவா நட்டமில்ல," என்றாள். "அத வெட்டு."

வெட்டினேன். தொள்ளாயிரத்து ஐம்பது ரூபாய்.