கன்னத்து மங்கு

என் ஊர் பாளையங்கோட்டை. வேலைக்காக ஹைதராபாத் வந்து திருமுல்கேரியில் தனியாகக் குடியிருக்கிறேன். கம்பெனி வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்ன பிறகு, யாரிடமும் நேருக்கு நேர் பேசாமலே பல நாள் கழிந்துவிடும்.

கன்னங்களில் மங்கு படர்வதை முதலில் பார்த்தது அம்மாதான், வீடியோ காலில். "என்னட்டி, மூஞ்சியெல்லாம் கருப்பா இருக்கு?" அந்த வாரமே மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் டாக்டர் சீட்டு எதுவும் கேட்காமல் சின்ன ட்யூப் ஒன்றை எடுத்துத் தந்தார். அதன் பின்பக்கம் பொடி எழுத்தில் ஹைட்ரோகுவினோன் என்றிருந்தது. அது என்னவென்று நான் யோசிக்கவில்லை.

சில வாரங்களிலேயே மங்கு வெளுத்தது. அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நல்லா கலர் வந்துட்டியே! ஒரு போட்டோ எடுத்து அனுப்புட்டி." என் வேலையைப் பற்றிப் பேசினால் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும். முகத்தைப் பற்றியென்றால் நீளும். மங்கு போன பிறகும் நான் நிறுத்தவில்லை. கன்னத்துக்கு வாங்கியதை முகம் முழுக்கப் பூசினேன்.

வெயில் காலம் வந்ததும் எரிச்சல் தொடங்கியது. பால்கனியில் துணி காயப்போட்டு வந்தாலே முகம் காந்தும். பிறகு மங்கு இருந்த இடம் முன்பைவிட அதிகமாகக் கறுத்தது. பயந்துபோய் இன்னும் கூடுதலாகப் பூசினேன். மீட்டிங்கில் கேமராவை அணைத்தேன். அம்மாவிடம் நெட் சரியில்லை என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தப்ப முடியவில்லை.

"லைட்டப் போடுட்டி, மூஞ்சியே தெரியல."

"போட்டுத்தாம்மா இருக்கு."

அம்மா திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்தாள். அப்பா கூப்பிடுகிறார் என்று வைத்துவிட்டாள். அந்நேரம் அப்பா கடையில் இருப்பார்.

கீழ்வீட்டு அக்கா பள்ளிக்கூட ஆசிரியை. பல தலைமுறையாக செகந்திராபாத்திலேயே இருக்கும் தமிழ்க் குடும்பம்; பேச்சில் அந்த ஊர் உருது கலந்துவிடும், 'ஏன்' என்பதற்கு 'கைக்கு', 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ'. மறுநாள் படியில் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"கைக்கு மா இப்படி ஆச்சு? மெடிக்கல் ஷாப் க்ரீமா?"

"ஆமாக்கா."

"நக்கோ மா, நக்கோ. முதல்ல ஸ்கின் டாக்டர்கிட்ட காட்டு."

அவர் சொன்ன டாக்டரம்மாவிடமே போனேன். அவர் என் தாடையைப் பிடித்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, கட்டைவிரலால் கன்னத்தை மெல்ல அழுத்திப் பார்த்தார். என்னை இன்னொருவர் தொட்டு எவ்வளவு காலமாயிற்று என்பது அப்போதுதான் உறைத்தது. கண் நிறைந்துவிட்டது.

"எரியுதா?" என்று தெலுங்கில் கேட்டார். ஆமாம் என்றேன்.

ட்யூப்பை வாங்கிப் பார்த்துவிட்டு, தெலுங்கும் இங்கிலீஷுமாக நிதானமாகச் சொன்னார். ஹைட்ரோகுவினோன் விஷம் கிடையாது. தோலில் நிறம் ஊறுவதைக் குறைக்கும் மருந்து. மங்குக்கு அவரே எழுதித் தருவதுண்டு. ஆனால் கறுத்த இடத்தில் மட்டும், சில மாதம் மட்டும், டாக்டர் பார்வையில், பகலில் சன்ஸ்க்ரீனோடு. கர்ப்பமாக இருப்பவர்களுக்குத் தரமாட்டாராம். கணக்கில்லாமல் பூசிக்கொண்டே போனால், வெளுக்க வேண்டிய தோல் சிலருக்கு நீலம் பாய்ந்ததுபோலக் கறுத்துவிடும். அதை மாற்றுவது கஷ்டம். என் ட்யூப்பில் ஸ்டீராய்டும் கலந்திருந்தது; எரிச்சலுக்கு அதுவும் காரணம். எனக்கு இன்னும் அந்த நீலக் கறுப்பு வரை போகவில்லை என்றார்.

பூச்சை நிறுத்தியதும் முகம் சிவந்து உரிந்தது. அப்படி ஆகும் என்று அவர் முன்பே எச்சரித்திருந்தார். அந்த நாள்களில் கதவைத் திறந்து பால் பாக்கெட்டை எடுப்பதோடு சரி. அம்மாவும் வீடியோவில் வரவில்லை, குரல் மட்டும்தான். முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டாள்.

தேற ஏறக்குறைய ஒரு வருடம் ஆயிற்று. மங்கின் நிழல் இன்னும் இருக்கிறது. இனி அடிக்கடி வர வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்ன அன்று, வீட்டுக்கு வந்து அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். எடுத்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நாந்தானட்டி உன்னைய..." என்று தொடங்கி நிறுத்திவிட்டாள்.

அங்கே குக்கர் விசிலடித்தது. இரண்டு பேரும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தோம்.