அவள் கைப் பூச்சு

கரண்டியக்கா என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. பழைய வீடுகளில் உள்சுவர் உப்பிப் பெயர்ந்தாலும் ஓட்டை விழுந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். எந்தக் கொத்தனாரிடமும் அவள் தொழில் படிக்கவில்லை. கட்டின புருஷன்தான் கற்றுக்கொடுத்தான், அதுவும் தன்னை அறியாமல்.

அவன் லாரி ஓட்டியவன். வெளியில் யாரிடமும் அதிர்ந்து பேசமாட்டான். வீட்டுக்குள் வந்தால் கைதான் பேசும். அவள் தலையைப் பிடித்துச் சுவரில் மோதுவான். அவள் விலகிக்கொண்டால் அந்த ஆத்திரத்தையும் சுவரே வாங்கிக்கொள்ளும். குடித்தனம் இருந்ததோ வாடகை வீடு. காலையில் போதை தெளிந்ததும் ஐயாவுக்கு வரும் முதல் கவலை வீட்டுக்காரரைப் பற்றியது. "பார்த்தா காலி பண்ணச் சொல்லுவாருடி, சீக்கிரம் அடைச்சு வை" என்பான். அவள் மண்டையில் இருக்கும் வீக்கம் மட்டும் அவன் கண்ணில் படாது.

முதல் ஓட்டையைச் சோற்றுக் கரண்டியால்தான் அடைத்தாள். பெயர் வந்ததும் அதனால்தான். சிமெண்டை அள்ளி அப்பினாள். பழைய சுண்ணாம்புச் சுவர் அதைக் கொஞ்ச நாளிலேயே துப்பிவிட்டது. பட்டுப் பட்டுத்தான் கற்றுக்கொண்டாள். விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். பொத்தென்று கேட்டால் உள்ளே பிடிப்பு விட்டுப் போயிற்று. அதையெல்லாம் இரக்கப்படாமல் கொத்தித் தள்ளி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பும் மணலும் குழைத்து இரண்டு தடவையாகப் பூச வேண்டும். கடைசியில் பழையதும் புதியதும் சேரும் ஓரத்தில் கட்டைவிரலை நனைத்து ஓர் இழுப்பு. எந்தக் கொத்தனாரும் அப்படிச் செய்யமாட்டான், பார்த்தால் சிரிப்பான். அவளுக்கு அது கைப்பழக்கம். மகள் பள்ளிக்கூடம் கிளம்புவதற்கு முன்னால் உட்கார்ந்து கலவை குழைத்துக் கொடுப்பாள்.

பக்கத்து வீட்டுக்காரி ஒருமுறை பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். பிறகு எதிர்வீடு, அப்புறம் தெருவே கூப்பிட்டது. "கட்டில் இடிச்சுடுச்சுக்கா" என்பார்கள். நல்ல உயரமான கட்டில் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு பூசிவிட்டு வருவாள். எந்த வீட்டில் எவன் கை நீட்டுகிறான் என்பது அவளுக்குச் சுவரைப் பார்த்தாலே தெரியும். வாயை மட்டும் திறந்ததில்லை.

லாரிக்காரன் ஈரல் கெட்டுச் செத்துப்போனான். அவள் தேடித் தேடி மகளுக்குக் குடிக்காத மாப்பிள்ளையாகப் பார்த்தாள். மருந்துக் கடையில் வேலை, மடிப்புக் கலையாத சட்டை, அத்தை அத்தை என்று ஆயிரம் மரியாதை. குடிக்காதவன் அடிக்கமாட்டான் என்று நம்பினாள், பாவி.

அந்த மகள்தான் ஒருநாள் காலையில் போன் செய்தாள். "அம்மா, கரண்டியை எடுத்துக்கிட்டு வா. நடு ரூம்ல சுவர் பெயர்ந்துடுச்சு. நாளைக்கு அவங்க அண்ணன் குடும்பமா வர்றாங்க."

போனாள். சுவரில் தாம்பாளம் அகலத்துக்குப் பள்ளம். ஆள் நின்றால் தலை வரும் உயரம்.

"அலமாரியை நகர்த்தும்போது இடிச்சுடுச்சும்மா" என்றாள் மகள், சுவரைப் பார்த்தபடி.

பள்ளத்தின் ஓரத்தில் நீளமாக ஒரு முடி ஒட்டிக்கொண்டிருந்தது. தாய் அதை விரலால் எடுத்தாள். சுற்றிலும் தட்டிக்கொண்டே போனாள். பொத்துச் சத்தம் நிற்கவே இல்லை, அலமாரிக்குப் பின்னாலும் போயிற்று. அலமாரியைத் தள்ளினாள்.

அங்கே ஒரு பூச்சு இருந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. ஜன்னல் பக்கமாக மேலும் இரண்டு. எல்லாவற்றின் ஓரத்திலும் கட்டைவிரல் இழுப்பு. கண் இமைக்கும் நேரம் அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது, என்னமாய்ப் பூசியிருக்கிறாள் என்று. அடுத்த நொடிதான் அவற்றை எண்ணினாள், நாலு.

"இதெல்லாம் நீ பூசினதாடி?"

"சின்னதா இருந்தா நானே பூசிடுவேன்மா. இது பெருசாப் போச்சு. அதான் உன்னைக் கூப்பிட்டேன்."

தாய் கொண்டுவந்த பையிலிருந்து கொத்துச் சுத்தியலை எடுத்தாள். முதல் அடியில் பள்ளத்தின் ஓரம் பெயர்ந்தது. மகள் பூசின ஒவ்வொன்றையும் தேடித் தேடி அடித்தாள். "அம்மா, போதும்மா, அவர் சாப்பிட வர்ற நேரம்" என்று மகள் கையைப் பிடித்தாள், தாய் உதறிவிட்டு அடித்தாள். நல்ல பூச்சையும் விடவில்லை. கட்டில், துணி, தரை எங்கும் சுண்ணாம்பு. சுவர் முழுக்கச் செங்கல் தெரிந்தது.

"வாங்க அத்தை" என்று சிரித்தபடி உள்ளே வந்த மாப்பிள்ளை சுவரைப் பார்த்து நின்றான். பிறகு நேராகப் பெண்டாட்டியிடம் போய் அவள் முடியைக் கொத்தாகப் பிடித்தான். "உங்கம்மாவைக் கூப்பிட்டு என் மானத்தை வாங்கறியா?"

மகள் கத்தவில்லை. கழுத்தைத் தளர்த்திக் கொடுத்தாள். அப்படிக் கொடுத்தால் வலி குறையும். அது தாய்க்கும் தெரிந்த வித்தைதான்.

"விடுங்க மாப்பிள்ளை."

"நீங்க இதுல தலையிடாதீங்க அத்தை" என்றான், அப்போதும் மரியாதை குறையாமல். ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, மறு கையால் பெண்டாட்டியின் நெற்றியைச் செங்கல்லில் மோதினான்.

ஊன்றிய கையின் மேல் சுத்தியல் இறங்கியது. எலும்பு நொறுங்கிய சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது. அவன் அலறிக்கொண்டு உட்கார்ந்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம், தாய் நிறுத்தவில்லை. தோளில் ஒன்று போட்டாள். அடுத்ததற்கு ஓங்கியபோது மகள் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"செத்துடுவாரும்மா!"

"சாகட்டும்டி."

சுத்தியலைப் பிடுங்கித் தூர எறிந்தாள் மகள். நெற்றி ரத்தம் புருவத்தைத் தாண்டி வழிந்தது. "தண்ணி... தண்ணி கொண்டுவாடி" என்று தரையில் கிடந்தவன் முனகினான். மகள் உள்ளே போனாள். போச்சு, அவனுக்குத் தண்ணீர் எடுக்கத்தான் போகிறாள், இவளும் என்னை மாதிரியே இங்கேயே கிடந்து சாகப்போகிறாள் என்று தாய் நினைத்துக்கொண்டாள்.

மகள் ஒரு பையோடு வந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். வாசலில் கூடியிருந்த அக்கம்பக்கத்தாரிடம், "உள்ள ஒருத்தர் கை உடைஞ்சு கிடக்காரு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள். தாய் பின்னாலேயே ஓடினாள்.

தெருமுனையில் மகள் நின்றாள்.

"ஏம்மா, அப்பாவை ஒரு தடவைகூட நீ இப்படி அடிக்கலையே?"

"அடிச்சா வெளிய வந்தாகணுமேடி. உன்னையும் இழுத்துக்கிட்டு எங்க போவேன்?"

"கூப்பிட்டிருந்தா நான் எங்க வேணா வந்திருப்பேனேம்மா" என்றாள் மகள்.