நாலு விரல் இடம்

எதை உறைய வைத்தாலும் மேலே நாலு விரல் இடம் விட வேண்டும் என்பது ஐஸ்காரரின் அசைக்க முடியாத கொள்கை. ஐஸ் ஆலையில் தகர டப்பாக்களில் தண்ணீர் நிரப்பியே தலை நரைத்தவர். உறையும்போது தண்ணீர் உப்பும். இடம் விடாவிட்டால் விளிம்பைத் தாண்டிப் பிதுங்கும். அந்தக் கொள்கையை மனிதர் வீட்டுக்கும் கொண்டுபோனார் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

அவர் மனைவி வீட்டிலேயே மெழுகுவர்த்தி செய்பவள். பெரிய கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர் அன்று சாயங்காலம் சரக்கைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். பிடித்துவிட்டால் கடையின் வாசல் அலமாரி முழுக்க இவளுடைய வர்த்திகள்தான். அதற்காக எவ்வளவு அலைந்தாள்! அன்றைக்கென்று பார்த்துக் காய்ச்சல் அவளைப் படுக்கையில் தள்ளிவிட்டது.

"நீ படு. உறைய வைக்கிறது எனக்குத் தெரியாத வேலையா?" என்று ஐஸ்காரர் லீவு போட்டுவிட்டு மெழுகை உருக்கி அச்சுகளில் ஊற்றினார். மறக்காமல் நாலு விரல் இடம் விட்டார்.

மத்தியானம் எட்டிப் பார்த்தார். மெழுகு ஏறவில்லை, இறங்கியிருந்தது. ஒவ்வொரு வர்த்தியின் நடுவிலும் ஒரு குழி.

"எல்லாத்தையும் கெடுத்துட்டேன்டி," என்று அவள் கட்டிலருகே போய் நின்றார். கண் கலங்கிவிட்டது, பாவம்.

போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து பார்த்தவள் சிரிக்க ஆரம்பித்தாள். "ஏங்க, உங்க தண்ணியோட துகளுங்கதான் உறையும்போது தள்ளித் தள்ளி நிக்கும். மெழுகுத் துகளுங்க அப்படியில்ல. சூட்டுல அலையும், ஆறினா ஒண்ணோட ஒண்ணு நெருங்கி உக்காந்துக்கும். அதான் குழி விழுது. ஒண்ணும் கெட்டுப்போகல, மறுபடி உருக்குங்க. அதே மெழுகுதானே, எங்க போயிடும்?"

"சீக்கிரம் உறையட்டும், ஆலையில இருந்து ஐஸ் எடுத்துட்டு வரட்டா?"

"சட்டுனு குளிர்ந்தா மெழுகு வெடிச்சிடும், சாமி! பேசாம ஊத்துங்க."

இந்த முறை விளிம்புவரை ஊற்றினார். குழி விழ விழ, அவள் கைகாட்டிய இடத்தில் சூடான மெழுகை விட்டு நிரப்பினார். கடைக்காரம்மா வந்தபோது அச்சுகள் இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தன. மூன்று பேருமாகக் காத்திருந்தார்கள். ஒருவழியாக முதல் வர்த்தி வழுவழுவென்று வெளியே வந்தது. கடைக்காரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அலமாரியைக் காலி பண்ணி வைக்கிறேன்மா," என்றார்.

ஐஸ்காரருக்குத் தரையில் கால் பாவவில்லை. அதே சந்தோஷத்தோடு மறுநாள் ஆலைக்குப் போய் டப்பாக்களை நிரப்பினார். தண்ணீர் உறைந்ததும் முதலாளி போட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டது. ஒரு டப்பா பாக்கியில்லாமல் ஐஸ் விளிம்புக்கு மேல் பிதுங்கி நின்றது.

"இத்தனை வருஷம் வேலை பார்த்துட்டு இப்படியா ஊத்துவ? புத்தி எங்கய்யா போச்சு?"

"வீட்டுலதாங்க இருக்கு," என்றார் ஐஸ்காரர், சிரிப்பை அடக்க முடியாமல்.