உப்புக் குவியலில் விழுந்த சாணிக் குறி

பேய், ஆவி, காத்துக் கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். வலங்கைமானில் சைக்கிள் கடை வைத்திருந்தபோது பக்கத்திலேயே படிப்பகமும் நடத்தினேன், கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு மேடையேறிச் சாமியாடிகளைக் கேள்வி கேட்டு ஓட ஓட விரட்டியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் இதைச் சொல்கிறேனே என்று உங்களுக்குச் சிரிப்பு வரும். தாராளமாகச் சிரியுங்கள், ஆனால் முழுதாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

என் தங்கை கமலத்தைப் பக்கத்துக் கிராமத்தில்தான் கட்டிக்கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை பெயர் வைத்தியநாதன், ஊருக்கு வைத்தி. பண்ணை நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்தவர். ஆட்சி மாறி, குத்தகைக்காரர்கள் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்த காலம் அது. பலபேர் பண்ணைக்குப் பயந்து பேசாமல் இருக்க, வைத்தி போய்ப் பதிந்துவிட்டு வந்தார். அன்றைக்கே பகை. தை அறுவடையின்போது பண்ணையின் நிலபுலனைப் பார்த்துக்கொள்கிற காரியக்காரர் ஆட்களோடு களத்துக்கு வந்து, மொத்த நெல்லையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். போலீசில் சொல்கிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிய வைத்தி திரும்பி வரவே இல்லை. சைக்கிள் மட்டும் வாய்க்கால் கரையில் கிடந்தது. நான் என் கையால் உதிரி உதிரியாகச் சேர்த்துப் பூட்டிக் கொடுத்த சைக்கிள், அதை நானே தள்ளிக்கொண்டு வந்தேன்.

"பண்ணை கேஸ் போட்டுடும்னு பயந்து ஓடிட்டான், எங்கேயாவது நல்லா இருப்பான்" என்று காரியக்காரர் ஊரெல்லாம் சொன்னார். கமலம் அசரவில்லை. அடுத்த சம்பாவுக்கு அவளே நின்று நாற்று விட்டு நட்டு வளர்த்தாள். கதிர் முற்றுகிற நேரத்தில் காரியக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"நெல்லு குவிஞ்சா குறி போடணும்ல? உன் புருஷன் வந்து போடட்டும். போட்டா நிலம் அவனுக்கு. வரலேன்னா, சாகுபடியை விட்டுட்டுப் போயிட்டான்னுதான் அர்த்தம். நெல்லும் பண்ணைக்கு, நிலமும் பண்ணைக்கு."

குறி என்றால் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். களத்தில் நெல்லைத் தூற்றிக் குவித்ததும், பங்கு பிரிக்கிற வரைக்கும் யாரும் கைவைக்காமல் இருக்கச் சாணியைத் தண்ணீரில் கரைத்து, வைக்கோல் பிரியைத் தோய்த்துக் குவியல் மேல் கோடு கோடாக விடுவார்கள். ஒரு பிடி நெல்லை உருவினாலும் கோடு கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். சாகுபடிக்காரன்தான் அதைப் போடுவது. வைத்தி இடதுகைக்காரர். அவர் இழுக்கிற ஒவ்வொரு கோடும் முடிகிற இடத்தில் இடது பக்கம் ஒரு கொக்கி மாதிரி வளைந்து நிற்கும். அந்த வட்டாரத்தில் வேறு யார் குறியும் அப்படி இருக்காது.

அவர் காணாமல் போனதிலிருந்து எங்களை ஏமாற்ற வந்தவர்கள் கொஞ்சநஞ்சமில்லை. ஒருத்தன் வீடு தேடி வந்து, "உங்க வீட்டுக்காரரைப் பாத்தேன்மா, காய்ச்சலா கிடக்காரு" என்று உருகிப் பேசி, கமலத்தின் தோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டு போனவன் போனவன்தான். அந்த ஆத்திரம் எனக்கு ஆறவே இல்லை. இனி ஒருத்தன் என் தங்கையை ஏமாற்றினால் நான் மனுஷனே இல்லை என்று சொல்லிக்கொண்டேன். அப்போதுதான், கேஸுக்குப் பயந்த ஆட்கள் கோடியக்கரை உப்பளத்தில் வேலைக்குச் சேர்ந்துவிடுகிறார்கள் என்று கடைக்கு வந்த லாரிக்காரர் சொன்னார். தை அமாவாசைக்குக் கடலாட எல்லா ஊரிலிருந்தும் பஸ் போகும். கிளம்பிவிட்டோம்.

கோடியக்கரையைப் பற்றி அந்த லாரிக்காரர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். கடலாட வருகிறவர்கள், பறவை பார்க்க வருகிறவர்கள், காட்டுக்குள் நடக்க வருகிறவர்கள் என்று கூட்டம் சேருகிற இடம், கூட்டம் சேர்ந்தால் அதைச் சுரண்டுகிறவனும் சேருவான். அதனால் பஸ்ஸிலேயே கமலத்துக்குப் பாடம் நடத்தினேன். தானாக வந்து பேசுகிறவனை நம்பாதே. கோயில் பூட்டியிருக்கு, பாதையில் தண்ணி ஏறியிருக்கு, வேறு வழியில் கூட்டிப்போகிறேன் என்றால் அது கட்டாயம் பொய். கூலியை முன்னாலேயே கொடுத்துவிடாதே, திரும்பி வந்த பிறகு கொடு. எல்லாவற்றுக்கும் மேலே, நாம் யாரைத் தேடுகிறோம் என்று வாயைத் திறக்காதே, நீ சொன்னதையே அவன் உனக்குத் திருப்பிச் சொல்லுவான்.

"நீங்க படிப்பகத்துலயே பேசிட்டு வந்திருக்கலாம் அண்ணே" என்றாள் கமலம்.

பஸ்ஸை விட்டு இறங்கி நாலடி வைக்கவில்லை, ஒருத்தன் ஒட்டிக்கொண்டான். பெயர் மாரி என்றான். கழுத்தில் ஒரு பைனாக்குலர் தொங்கியது, அதில் ஒரு பக்கம் கண்ணாடியே இல்லை. பூநாரை பார்க்கணுமா, காட்டுக் குதிரை பார்க்கணுமா, வண்டி வேணுமா என்று அடுக்கியவன், கமலத்தின் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கினான்.

"யாரையோ தேடி வந்திருக்கீங்க போலிருக்கே?"

வாடா மகனே என்று நான் வலையை விரித்தேன். "ஆமா தம்பி, எங்க சித்தப்பா பையன். நெட்டையா இருப்பான். கன்னத்துல வெட்டுத் தழும்பு. பாத்திருக்கியா?" எனக்குச் சித்தப்பாவே கிடையாது. வைத்தி குட்டையானவர், முகத்தில் ஒரு கீறல் இருக்காது.

மாரி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "தழும்புக்காரரா! அவரை நல்லாத் தெரியுமேங்க. சேத்துக்கு அந்தப் பக்கம் உப்பளத்துல இருக்காரு. நான் கூட்டிட்டுப் போறேன் வாங்க" என்றான்.

சட்டையைப் பிடித்திருப்பேன். கமலம்தான் என்னை ஓரமாக இழுத்துப் போனாள். "அவன் சொன்னது பொய்யா இருக்கட்டும் அண்ணே, உப்பளம் பொய் இல்லையே. அங்க ஆளுங்க இருப்பாங்க, நாமளே கேப்போம். வழி காட்ட மட்டும் இவன் போதும்." அவள் சொன்னதும் நியாயம்தான் என்று பட்டது. போனோம்.

சதுப்புக்குள் பாதை என்று ஒன்றும் கிடையாது. நீளக் கம்பை ஊன்றிப் பார்த்துக் கெட்டியான இடமாக மாரி முன்னால் நடந்தான், அவன் கால் வைத்த இடத்தில் நாங்கள் வைத்தோம். முழங்கால் வரை சேறு, மேலே மத்தியான வெயில். நட்ட நடுவில், நான் எதிர்பார்த்தபடியே நின்றுவிட்டான். "இதுக்கு மேல ஆபத்தான இடங்க. பேசின கூலி பத்தாது" என்றான். நான் அவன் கையிலிருந்த கம்பைப் பறித்துக்கொண்டேன். "இப்ப கம்பு என்கிட்ட இருக்கு. நீ வர்றியா, இங்கேயே நிக்கிறியா?" என்றதும் வாயை மூடிக்கொண்டு நடந்தான். எனக்கு ஒரே பெருமை, இந்த மாதிரி ஆட்களை இப்படித்தான் அடக்க வேண்டும் என்று மனதுக்குள் கைதட்டிக்கொண்டேன். அந்தப் பெருமை கொஞ்ச நேரம்தான் நிலைத்தது.

உப்பளத்து மேட்டில் போன பருவத்து உப்பைக் குவித்து, மழைக்கு முன்னாலேயே பனையோலை வேய்ந்து மூடி வைத்திருந்தார்கள். லாரி வரப்போகிறது என்று அன்றைக்குத்தான் ஓலையைப் பிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். வேலை பார்த்த பெண்களிடம் நான் பேச்சுக் கொடுத்தேன், நெட்டை, தழும்பு என்ற கதையெல்லாம் இல்லாமல் வைத்தியின் உண்மையான அடையாளங்களைச் சொன்னேன். குட்டையானவர், இடதுகைக்காரர், வலங்கைமான் பக்கம். அப்படி யாரும் இங்கே வேலை செய்ததே இல்லை என்று அத்தனை பேரும் சொன்னார்கள். நான் மாரி பக்கம் திரும்பினேன். அவன் மானத்தை அங்கேயே வாங்கிவிடுவது என்று வாயைத் திறந்தேன்.

"அண்ணே" என்றாள் கமலம்.

ஓலையைப் பிரித்த குவியலைக் காட்டினாள். நம்பினால் நம்புங்கள், வெள்ளை உப்பின் மேல் பச்சையாகச் சாணிக் குறி. மேலிருந்து கீழே கோடு கோடாக, ஒவ்வொரு கோடும் முடிகிற இடத்தில் இடது பக்கம் வளைந்த கொக்கி. நான் கிட்டே போய் விரலை வைத்தேன், ஈரம் ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன், அப்போதுதான் கரைத்த சாணி வாசனை. பல மாதம் ஓலைக்கு அடியில் கிடந்த உப்பு அது. உப்பில் எவனாவது சாணியைக் கொண்டுவந்து ஊற்றுவானா, சொல்லுங்கள். ஓலை பிரித்த பெண் கையை உதறிக்கொண்டு பின்னால் போனாள். "ஐயோ, காண்ட்ராக்டர் எங்களைத்தான் திட்டுவாரு. இந்த உப்பளத்துல மாடே கிடையாதேம்மா" என்று அழாக்குறையாகச் சொன்னாள்.

கமலம் குவியல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "இது அவர் கை" என்று மட்டும் சொன்னாள்.

அதைக் கேட்டதும் மாரி என்னிடம் ஓடி வந்தான். "நான் சும்மா சொன்னேங்க! சத்தியமா நான் யாரையும் பாக்கலீங்க. ஏதாவது ஒரு மேட்டைக் காட்டி, நேத்துதான் கிளம்பிட்டாருன்னு சொல்லிக் காசு வாங்கலாம்னு பாத்தேங்க!" என்று என் காலைப் பிடித்தான். அவனை நான் திட்டவே இல்லை, தூக்கி நிறுத்தினேன். திரும்பும்போது கம்பை அவனிடமே கொடுத்தேன். கரை ஏறியதும் கூலியை நீட்டினேன், வாங்காமல் திரும்பிப் பார்க்காமல் ஓடிப்போனான்.

பஸ் திருத்துறைப்பூண்டி தாண்டியதும் கமலம் சொன்னாள். "அடுத்தவங்க குவியல்ல அவர் குறி போட மாட்டாரு அண்ணே. குறி போட மறந்துடாதேன்னு எனக்குச் சொல்றாரு. யாரும் வர வேண்டாம், நானே போடுறேன்."

பெண்பிள்ளை குறி போடுவதாவது என்று ஊரில் முணுமுணுத்தார்கள். அவள் காதில் வாங்கவில்லை. அறுத்து, அடித்து, தூற்றிக் குவித்தாயிற்று. நான்தான் சாணி கரைத்துக் கொடுத்தேன். கமலம் வலது கையால் கோடு இழுத்தாள், நேர்க் கோடுகள், முனையில் வளைவே கிடையாது. இதை என் கண்ணால் பார்த்தேன், அப்புறமும் ஒருமுறை குவியலைச் சுற்றி வந்து பார்த்தேன். பிறகு அண்ணனும் தங்கையுமாகக் களத்து ஓரத்து மர நிழலில் பழைய சோறு சாப்பிட உட்கார்ந்தோம். வெட்டவெளிக் களம், குவியல் எங்கள் கண்ணெதிரே இருந்தது, ஒரு காக்கை கூட அதன் பக்கம் வரவில்லை.

காரியக்காரர் வண்டிக்காரர்களோடு வந்தார். "யாரு குறி போட்டது, நீயா?" என்று சிரித்தபடி குவியலை நெருங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். நாங்களும் எழுந்து ஓடினோம். ஒவ்வொரு கோட்டின் முனையிலும் இடது பக்கம் கொக்கி வளைந்திருந்தது.

"இது வைத்தி குறியில்ல?" என்றார்.

"ஆமா. அவர் வந்துட்டாரு" என்றாள் கமலம்.

"பொய் சொல்லாதே! அவன் எப்படி வருவான்? அவனாலதான் வர முடியாதே!"

ஓடிப்போயிட்டான், எங்கேயாவது நல்லா இருப்பான் என்று ஒரு வருஷமாக ஊரெல்லாம் சொன்ன வாய் அது. வண்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாட்டைத் திருப்பி வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். காரியக்காரர் அவர்களுக்குப் பின்னால் கிட்டத்தட்ட ஓடினார்.

நெல் கமலத்தின் வீட்டுக்கு வந்தது. குத்தகையும் பிறகு அவள் பெயருக்கு மாறியது. ஆனால் களத்தில் கேட்ட வார்த்தையைக் கோர்ட்டில் வந்து சொல்ல ஒரு ஆள் கிடைக்கவில்லை. காரியக்காரர் கொஞ்ச நாளில் ஊரை விட்டே போனார். களத்தில் குறி போட்ட அன்று சாயங்காலமே கமலம் வாய்க்கால் கரைக்குப் போய், சைக்கிள் கிடந்த இடத்தில் நின்று, தானே தாலியைக் கழற்றினாள். நான் தேம்பித் தேம்பி அழுதேன். அவள் அழவில்லை, "இனிமே யாரும் வந்து அவரைப் பாத்தேன்னு சொல்லி ஏமாத்த முடியாதுல்ல அண்ணே" என்றாள்.

குறிக்கு என்ன விளக்கம் என்று என்னைக் கேட்காதீர்கள். நானும் எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன், ஒன்றும் பொருந்தவில்லை. ஆனால் வேறொன்று இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. அவனாலதான் வர முடியாதே என்று கத்தியபோது காரியக்காரர் குவியலையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. அவர் கண் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், பண்ணையின் தென்னந்தோப்புக்குப் போனது. தோண்டிப் பார்க்க வேண்டும் என்று எத்தனையோ பேரிடம் நடந்தேன், ஒருத்தரும் கேட்கவில்லை. இப்போது தோப்பு பல கை மாறிவிட்டது, மரங்கள் நன்றாகக் காய்க்கின்றன, கடைத்தெருவில் அந்த இளநீர்தான் விற்கிறது. மேடையேறிப் பகுத்தறிவு பேசிய நான், அது அந்தத் தோப்பு இளநீர் என்று தெரிந்தால் இன்றைக்கும் வாயில் வைப்பதில்லை.