வரிசையில் கடைசியாக நிற்பவள்

கணினி மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. அதற்காகத்தான் திருச்சியிலிருந்து என்னைக் கோலாலம்பூருக்கு வரவழைத்தார்கள். வாரமெல்லாம் பிழை தேடுகிறவள் சனிக்கிழமை மட்டும் சும்மா இருப்பேனா? நான் தங்கியிருந்த பிரிக்பீல்ட்ஸிலிருந்து கொம்யூட்டர் ரயில் பிடித்து, கிள்ளானில் உள்ள ஓர் ஆதரவற்ற பெண் பிள்ளைகள் இல்லத்துக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போனேன். போன இரண்டாவது வாரமே எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

காரணம், தலை பின்ன வரும் ஒரு பெண். வகுப்பு முடியும் நேரத்தில் தொழிற்சாலைச் சட்டையோடு வந்து, வாசல் போர்ட்டிகோவில் உட்காருவாள். கையில் சீப்பும் தேங்காயெண்ணெய் பாட்டிலும் இருக்கும். பிள்ளைகள் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொருத்திக்கும் மளமளவென்று பின்னி அனுப்பிவிடுவாள். கடைசியில் நிற்கும் சிறுமியிடம் மட்டும் அவளுக்கு அவசரமே கிடையாது. பின்னி முடித்ததை அவிழ்த்து மறுபடியும் பின்னுவாள். காதைத் திருப்பிப் பார்ப்பாள், நகத்தைப் பார்ப்பாள், உச்சந்தலையை முகர்ந்து பார்ப்பாள்.

ஒவ்வொரு வாரமும் கடைசியில் நிற்பது அதே பெண்தான். ஒன்பது வயது இருக்கும். வகுப்பில் கெட்டிக்காரி, ஆனால் வாயைத் திறக்க மாட்டாள்.

"யாரு அந்த ஆன்டி?" என்று அவளிடம் கேட்டேன்.

"முடி பின்ற ஆன்டி."

"உனக்குச் சொந்தமா?"

"இல்ல லா. எல்லாருக்கும்தான் பின்றாங்க." இந்த ஊரில் பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' வரும்.

மற்றவர்களைத் தனித்தனியாகக் கேட்டேன். வார்த்தை மாறாமல் அதையே ஒப்பித்தார்கள். கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது. யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். ஒரு பிள்ளையைப் பழக்கிக் கூட்டிக்கொண்டு போகப் பார்க்கிறாளோ என்று பயம் வந்தது. அடுத்தடுத்த வாரங்களில் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தேன். ஒரு சனிக்கிழமை அவள் அந்தப் பெண்ணின் காதில் ஏதோ சொல்ல, அது தலையாட்டியது. அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை.

இல்லத்தை நடத்தும் அக்கா சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்தப் பின்னுற பொம்பளைய இனிமே உள்ள விடாதீங்க. அந்தக் கடைசிப் பொண்ண என்னமோ பண்ணப் பார்க்கிறா."

அக்கா குழாயை மூடினார். "அது அவ அம்மா."

"அம்மாவா?" என்றேன்.

"தெலுக் பங்லிமா காராங்ல ஃபேக்டரி வேலை. கம்பெனி ஹாஸ்டல்ல பிள்ளைய வச்சிக்க விடமாட்டாங்க. அதான் இங்க விட்டிருக்கு. வாரத்துக்கு இந்த ஒரு மணி நேரந்தான், அப்புறம் கம்பெனி வேன் வந்துரும்."

"அப்புறம் ஏன் ஆன்டின்னு கூப்பிடுறா?"

"முதல் தடவை அவ வந்தப்ப அம்மான்னுதான் கூப்பிட்டுச்சு. அதைக் கேட்டுட்டு, அம்மா இல்லாத சின்னதுங்க அன்னைக்கு ராத்திரி ஒண்ணும் சாப்பிடல. அடுத்த வாரம் அதுவே ஆன்டின்னு கூப்பிட்டுச்சு. அம்மாவும் ஒண்ணும் கேக்கல, எல்லாரையும் உக்கார வச்சுப் பின்ன ஆரம்பிச்சிருச்சு. நான் சொல்லிக்கொடுக்கல லா. பிள்ளைங்களே பேசி வச்சிக்கிட்டாங்க. கடைசி இடம் அவளுக்குத்தான், யாரும் போட்டிக்குப் போக மாட்டாங்க."

நான் அவர்களை உளவு பார்த்த வாரங்களிலெல்லாம், அவர்கள் என்னிடமிருந்து எதையோ காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை கணக்கைச் சீக்கிரமே முடித்தேன். கைப்பையிலிருந்து ஒரு சீப்பை எடுத்துக்கொண்டு போர்ட்டிகோவின் மறுமூலையில் உட்கார்ந்தேன். வரிசை அப்படியே நின்றது. ஒருத்தியும் என் பக்கம் வரவில்லை. இவள் எதற்கு அடி போடுகிறாள் என்று அவர்கள் பார்த்த பார்வையில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் கழித்து, இருப்பதிலேயே சின்னவளை முன்னால் தள்ளிவிட்டார்கள்.

"வலிக்குமா ஆன்டி?"

"வலிச்சா சொல்லு, விட்டுடறேன்."

என் பின்னல் கோணல்தான். ஆனால் அவள் அழாமல் எழுந்து போனதும் இன்னொருத்தி வந்தாள், அப்புறம் இன்னொருத்தி. அந்தப் பக்கம் வரிசை கரைந்தது. வழக்கத்தைவிட வெகு சீக்கிரமாகவே கடைசிப் பெண் தன் அம்மாவின் முன்னால் போய் உட்கார்ந்தாள். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒருமுறை அந்தச் சின்னப் பெண் சிரித்தது மட்டும் கேட்டது. அந்தச் சிரிப்பை நான் அதுவரை கேட்டதில்லை.

வேன் வந்து ஹாரன் அடித்தது. "போயிட்டு வாங்க ஆன்டி" என்று எல்லோரோடும் சேர்ந்து அவளும் சொன்னாள். வேன் முனை திரும்பும்வரை கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு நேராக என்னிடம் வந்து, நான் பின்னிய தலைகளை ஒருமுறை சந்தேகமாகப் பார்த்தாள்.

"அடுத்த வாரம் வருவீங்களா ஆன்டி?"

"வருவேன்."

"லேட்டா வராதீங்க லா," என்றாள்.