பிழையாக வாசித்த நேத்தன்

போன வியாழக்கிழமை காலை மரக்கறி வாங்கப் போன இடத்தில், கடைக்கார ரவி அண்ணைதான் சொன்னார். “தங்கச்சி, எங்கட கண்ணாடிக்கார நேத்தன் மோசம் போயிட்டாராம். இண்டைக்குப் பின்னேரமே அடக்கமாம்.” நம் ஆட்களுக்கு இலண்டனில் ஒரு செத்தவீடு முடியக் கிழமைக்கணக்கில் இழுபடும். நேத்தன் போன்ற யூதர்கள் இறந்தவரைக் காத்திருக்க வைப்பதில்லை. எடுத்த கத்தரிக்காயைத் திரும்ப வைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் பகுதியான கிங்ஸ்பரியில் நம்மில் பலருடைய மூக்கில் முதல் கண்ணாடியை வைத்துப் பார்த்தவர் நேத்தன். அவரைக் கடையில் மட்டும் கண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் அவரைக் கண்டது அவருடைய சிநேகிதர் மோரிஸின் வீட்டில். கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மோரிஸைப் பராமரிக்கப் போனவள், இன்னும் அங்கேதான் வேலை செய்கிறேன். புதன்கிழமை தோறும் நேத்தன் அங்கே வருவார். இருவரும் தங்கள் வேதமான தோராவை மேசையில் விரித்துவைத்துப் படிப்பார்கள். அவர்கள் ஆங்கிலத்தில் பேசியதெல்லாம் என் மனதில் யாழ்ப்பாணத் தமிழில்தான் தங்கியிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

படிப்பு என்றா சொன்னேன்? முதல் நாள் அது அடிதடி என்றே நினைத்தேன். ஒருவர் மேசையில் குத்துகிறார், மற்றவர் விரலை நீட்டி உறுமுகிறார். அடுப்பை நிறுத்திவிட்டு ஓடிவந்தேன். நேத்தன் சிரித்தார். “பயப்பிடாதையும் சாந்தி, நாங்கள் கும்பிட்டுக்கொண்டிருக்கிறம்.” தனியாக இருந்து அமைதியாகப் படிக்கக்கூடாதா என்று கேட்டேன். “தனியப் படிச்சால் நான் சொல்லுறதெல்லாம் எனக்குச் சரியாப் போயிடும். பிழை எண்டு சொல்ல ஒரு ஆள் வேணும்” என்றார்.

மோரிஸ் அதில் பழகிய ஆள். அவர்களுடைய ஜெப ஆலயத்தில் வேதம் வாசிப்பவர் ஒரு சொல்லைப் பிழையாகச் சொன்னாலும் சும்மா விடமாட்டார்கள். உரக்கத் திருத்துவார்கள், அவர் திரும்ப வாசிக்கவேண்டும். வாசிப்பவருக்குப் பக்கத்தில் நின்று திருத்துகிற பொறுப்பு நெடுங்காலம் மோரிஸிடம் இருந்தது. பிறகு மறதி நோய் வந்தது. அந்த இடத்துக்கு வேறொருவர் வந்தார். மகளின் பெயர் போயிற்று, தன் வீட்டுக் குளியலறை எந்தப் பக்கம் என்பதும் போயிற்று. இனி நேத்தன் வரமாட்டார் என்று நினைத்தேன். அவர் வந்தார். ஆனால் நேத்தனின் வாசிப்பு கெட்டுப்போனது.

எனக்கு எபிரேயம் தெரியாது. ஆனால் அவர் வாசித்துவிட்டு ஆங்கிலத்திலும் சொல்லுவார். ஒருநாள் வயல் அறுக்கிற சட்டம் ஒன்று. அறுக்கும்போது வயலின் ஓரத்தை வெட்டாமல் ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடவேண்டுமாம். நேத்தன் ஏழையோடு நிறுத்திக்கொண்டார். அரைத் தூக்கத்தில் இருந்த மோரிஸ் மேசையில் ஓங்கி அடித்தார். “அந்நியன் எங்கை? அவனை ஏன் விட்டனீ? அவனுக்கும் அதிலை பங்கு கிடக்கு. திருப்பி வாசி.” நேத்தன் பணிவாகத் திரும்ப வாசித்தார். குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்ற நான், அகதியாக இந்த நாட்டுக்கு வந்தவள், கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். தன் மகளை மறந்த மனிதர் என்னை மறக்கவில்லை என்று தோன்றியது.

அன்று வாசலில் கோட்டுப் போட்டுக்கொண்டிருந்த நேத்தனிடம் கேட்டேவிட்டேன். “நீங்கள் வேணுமெண்டுதானே பிழை விடுறியள்?”

“ஓம். அவன் திருத்தப் பிறந்தவன். திருத்த ஒண்டும் இல்லையெண்டால் அவன் முழுக்கப் போயிடுவான்.”

“வேதத்தைப் பிழையா வாசிக்கிறது பாவமில்லையா?”

அந்தப் புத்தகம் ஒருமுறை கைதவறி விழுந்தபோது எடுத்து முத்தமிட்டவர் அவர். காலில் பட்ட புத்தகத்தை நாம் கண்ணில் ஒற்றிக்கொள்வது போலத்தான். கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே சொன்னார்.

“அதைத் தந்தவருக்கு விளங்கும். எங்களைவிடப் புத்தகத்திலை அவருக்குக் கூட விருப்பமெண்டால், அதைத் தன்னட்டையே வைச்சிருப்பாரே.”

கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றேன். நானும் எத்தனையோ பிரசங்கம் கேட்டவள். கடவுளையும் வேதத்தையும் ஒரு கிழட்டுச் சிநேகிதனையும் பிரித்தெடுக்க முடியாதபடி ஒரே நெஞ்சில் வைத்திருந்த ஒருவரை அன்றுதான் கண்டேன்.

நேற்று, அவர் இல்லாத முதல் புதன்கிழமை. மோரிஸ் மேசைக்கு முன்னால் இருந்தார். “நேத்தன் எங்கை?” என்று கேட்டார். சொன்னேன். அழுதார். கண்ணீர் காயுமுன்னே மறுபடி கேட்டார். என்னால் இரண்டாம் தடவை சொல்ல ஏலவில்லை. நேத்தன் இருக்கும் எதிர்க் கதிரையில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தேன்.

எபிரேயத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஆங்கிலம் இருந்தது. அதைத்தான் வாசித்தேன். வேண்டுமென்று பிழை விடும் சிரமம் எனக்கு வரவில்லை. அதில் வந்த முற்பிதாக்களின் பெயர்கள் என் நாக்கில் பட்ட பாட்டைக் கேட்டால் அவர்களே எழுந்து வந்திருப்பார்கள். மோரிஸ் மெல்ல நிமிர்ந்தார். பிறகு விரலை நீட்டினார். “இல்லை, இல்லை. திருப்பி வாசியும்.” பக்கம் முடியும்போது மனிதர் நல்ல கோபத்தில் இருந்தார். “நீர் படிக்கக் கனக்கக் கிடக்கு. வாற கிழமை நேரத்தோடை வாரும்.”

“ஓம், வாறன்” என்றேன்.

அவர்களுடைய மதத்தில் நான் அறிந்தது கொஞ்சம். நான் ஆர்ச்வே கோயில் முருகனைக் கும்பிடுகிறவள். நேத்தனிடமிருந்து என்னிடம் வந்திருப்பது மோரிஸுக்கு எதிரே இருக்கிற அந்தக் கதிரை. புதன்கிழமைகளில் நான் அதில்தான் இருப்பேன்.