இல்டிகோவுக்காக ஆறு கிலோ

ஜூடோவிலை விழுறதுக்குத்தான் முதல்லை பழக்குவினம். தோத்தபிறகு வீட்டை போய் முகம் காட்டுறது உங்கடை சொந்தப் பொறுப்பு. ஒரே ஆளிட்டைத் திரும்பத் திரும்ப வாங்கிக் கட்டினவை இருந்தால் கிட்ட வாங்கோ, இது உங்களுக்குத்தான்.

கார் பார்க்கிங்

எனக்கு அப்பிடி வாய்ச்ச ஆள் இல்டிகோ. ஹங்கேரியிலை சின்னனிலையே போட்டிக்கு இறங்கினவள். இஞ்சை சுவிசிலை துன் நகரத்திலை ஒரு ஹோட்டலுக்கு வேலைக்கு வந்து, அந்த ஊர் ஜூடோ கிளப்புக்கு விளையாடினாள். நான் லாங்கன்தால் கிளப். ஐம்பத்தேழு கிலோப் பிரிவிலை அஞ்சு தரம் என்னைத் தூக்கி அடிச்சவள். ஆறாந்தரம் பதினொரு செக்கன்தான் எடுத்தது. நான் பாயிலை மல்லாந்து கிடக்க, அப்பா மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"என்ன பிள்ளை, நான் காரை விட்டிட்டு வாறதுக்குள்ளை முடிஞ்சுதோ?"

வழி விட்டாள்

அடுத்த சீசனுக்கு அவள் அறுபத்துமூண்டு கிலோப் பிரிவுக்கு ஏறுறாள் எண்டு கேள்விப்பட்டம். கிளப்பிலை எல்லாரும் எனக்குக் கை தந்திச்சினம், இனி ஐம்பத்தேழிலை நீதான் ராணி எண்டு. எனக்கெண்டால் பத்திக்கொண்டு வந்தது. அவளை ஒருக்காலாவது மல்லாத்தாமல் வாற மெடலைக் கழுத்திலை போட்டு என்ன செய்யிறது? நானும் ஏறப்போறன் எண்டன். பயிற்சியாளர் நெத்தியிலை கை வைச்சார்.

"எடை குறைக்கச் சொன்னால் அழுறவையைப் பாத்திருக்கிறன். அடி வாங்கிறதுக்கெண்டு எடை கூட்டுறவளை இப்பதான் பாக்கிறன்."

புட்டு

அம்மாவுக்குத்தான் கொண்டாட்டம். வருசக்கணக்காய் நான் தள்ளி வைச்ச புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் கோப்பை நிறைய வந்துது. பின்னேரம் எண்ணெயிலை பொரிச்ச ரோல்ஸ். நான் சும்மா தின்னேல்லை, திண்டதுக்கெல்லாம் பாரம் தூக்கினன். கோயில்லை மாமி என்னை மேலும் கீழும் பாத்தா.

"நல்லா உடம்பு வைச்சிருக்கிறாய், மாப்பிளை சரிவந்திட்டுதோ?"

ஏழாந்தரம்

அறுபத்துமூண்டு கிலோவிலையும் அவள் வழமைபோலக் காலைத் தட்ட வந்தாள். நான் விழேல்லை. ரெண்டுபேரும் சேந்து சரிஞ்சம், நான் மேலை. இருபது செக்கன் எழும்ப விடாமல் அமத்திப் பிடிச்சால் வெற்றி. திமிறினாள், உதைஞ்சாள், என்ரை கழுத்து முறியுமாப்போலை இருந்துது. விடுவனோ? மணி அடிச்சது. ஓம், அத்தனை சனத்துக்கு முன்னாலை குழறி அழுதன். குனிஞ்சு வணங்கினபிறகு அவள் என்னைக் கட்டிப்பிடிச்சுக் காதுக்குள்ளை சொன்னாள்:

"அடுத்த வருசம் நான் எழுபதுக்குப் போறன். தயவுசெய்து நீ சாப்பிடாதை."

அடிச்சவளை விட்டிட்டு அவள் இல்லாத பிரிவிலை நிண்டு வெல்லுறதுக்கு எனக்கென்ன விசரோ, சொல்லுங்கோ?